பங்கு பிழையாதிருக்கக் கணக்கு வகுத்தவர்: அறிஞர் அல் குவாரிஸ்மி

கல்வி எதுவாயினும் அது ஒரு தேவையை ஒட்டியே பிறக்கின்றது. நோய் இருந்ததால் வைத்தியம் பிறந்தது. கடலைக் கடக்க வேண்டியிருந்ததால் விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. அவ்வாறே, இறந்தவர் விட்டுச் சென்ற பொருளை அவரவர்க்கு உரியபடி பங்கிட வேண்டும், உழைத்தவனுக்கு உரிய கூலி குறையாமல் சேர வேண்டும், வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்க வேண்டும் என்ற தேவைகளை முன்னிறுத்தி ஒரு நூல் எழுதப்பட்டது. அந்நூலின் பெயரிலிருந்து வந்ததே இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அல்ஜீப்ரா.

நம் பந்திங் வட்டாரத்திலும் சரி, கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் சரி, இடைநிலைப் பள்ளியில் கால் வைக்கும் பிள்ளைகள் முதலாண்டுகளிலேயே சமன்பாடு என்னும் பாடத்தைச் சந்திக்கின்றனர். தெரியாத ஒன்றுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்து, இரு பக்கமும் சமப்படுத்தி, அத் தெரியாததைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது. இஃது எங்கோ மேனாட்டில் தோன்றியது, பரீட்சைக்கு மட்டுமே உதவுவது, கடைக்கும் குடும்பத்துக்கும் பயன்படாதது என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். பெற்றோரில் சிலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. அதைத் தெளிவாக்க, அந்நூலை இயற்றிய பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி அவர்களின் வாழ்க்கையையும் பணியையும் இங்கு சுருக்கி எழுதுகிறோம்.

காலமும் நாடும்

அன்னார் பிறந்தது கி.பி. 780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பது சரித்திர ஆசிரியர்களின் கணிப்பு. குவாரிஸ்ம் என்பது ஏரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ தர்யா நதி பாயும் கீழ்ப்பகுதி. அதன் பழம்பெரும் நகரமாகிய கீவா இன்று உஸ்பெக்கிஸ்தான் நாட்டில் இருக்கின்றது. குவாரிஸ்மைச் சேர்ந்தவர் என்பதே குவாரிஸ்மி என்னும் பெயரின் பொருள்.

அன்னாரின் அறிவுப் பணி முழுவதும் நடந்தேறிய இடம் பகுதாது. கலீபா மன்சூர் 762-இல் தைகிரிஸ் நதிக்கரையில் நிறுவிய அந்நகரம் அரை நூற்றாண்டுக்குள் உலகின் தலைசிறந்த நகரங்களுள் ஒன்றாகிவிட்டது. சீனத்துப் பட்டும், இந்தியாவின் மிளகும், ஆப்பிரிக்காவின் தந்தமும் அதன் கடைவீதிகளில் குவிந்தன. சரக்குகளுடன் நூல்களும் வந்தன. மன்சூரின் காலத்திலேயே இந்திய வான சாஸ்திர நூலொன்று அங்கு சென்று அரபியில் மொழிபெயர்க்கப்பட்டது. கிரேக்க நூல்களும் பாரசீக நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அரபியில் வெளிவந்தன.

813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீபா மாமூன் அறிவுத் தாகம் மிகுந்தவர். பைத்துல் ஹிக்மா எனப்பட்ட அறிவு இல்லத்தை அவர் பேணி வளர்த்தார். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பிற சமயத்தினரும் அங்கு ஒருங்கே அமர்ந்து உழைத்தனர். அல் குவாரிஸ்மி அவர்கள் அந்த இல்லத்தின் நூல்களோடும் அறிஞர்களோடும் இணைந்து பணியாற்றியவர். அன்னாரின் குடும்பத்தைப் பற்றியும் அன்றாட வாழ்வைப் பற்றியும் சரித்திரம் அதிகம் பேசவில்லை. அன்னாரின் நூல்களே அன்னாரின் சரித்திரமாக நிற்கின்றன.

நூல் எழுந்த காரணம்

820-ஐ ஒட்டி அன்னார் ஒரு கணித நூலை எழுதி முடித்து, அதைக் கலீபா மாமூனுக்குக் காணிக்கையாக்கினார். ஹிஸாபுல் ஜப்ரி வல் முகாபலா என்னும் கணக்கைச் சுருக்கிக் கூறும் நூல் என்பது அதன் பெயர். அதன் முன்னுரையிலேயே நோக்கத்தைத் தெளிவாக்கிவிடுகிறார். வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம் ஆகியவற்றிலும், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் போன்ற வேலைகளிலும் மக்களுக்கு இடைவிடாது தேவைப்படும் கணக்குகளுள் எளியதும் பயன் மிகுந்ததும் எதுவோ அதைத் தருவதே தம் எண்ணம் என்று அறிவிக்கிறார். அறிஞர்கள் தமக்குள் மெச்சிக்கொள்வதற்காக அந்நூல் எழுதப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

நூல் மூன்று பெரும் பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி, சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தீர்க்கும் வழியைச் சொல்கிறது. அதன் இறுதியில் வியாபாரக் கணக்கைப் பற்றிய சிறு அத்தியாயம் ஒன்றும் உண்டு. இரண்டாவது பகுதி அளவை பற்றியது. மூன்றாவது பகுதி முழுவதும் வஸிய்யத்துக் கணக்குகள். நூலின் ஏறத்தாழச் சரிபாதியை இம்மூன்றாம் பகுதியே பிடித்துக்கொண்டிருக்கின்றது.

இன்னொரு செய்தி நம் பிள்ளைகளுக்கு வியப்பளிக்கக்கூடும். இன்றைய பாடநூலில் காணப்படும் எழுத்தோ, கூட்டல் கழித்தல் குறியோ, சமக்குறியோ அந்நூலில் ஒன்றுகூட இல்லை. எண்கள் உட்பட யாவும் சொற்களாலேயே எழுதப்பட்டுள்ளன. தெரியாத ஒன்றை அன்னார் ஷைஉ என்று அழைத்தார். பொருள் என்பது அதன் அர்த்தம். பின்னாளில் இலத்தீனில் மொழிபெயர்த்தோர் அதை ரெஸ் என்றனர்; இத்தாலியர் கோஸா என்றனர். இரண்டுக்கும் பொருள் என்றே பொருள். பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து 1637-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே, தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய் என்று எழுத்துகளை வைப்பது வழக்கமாயிற்று.

ஜப்ரும் முகாபலாவும்

அரபு மொழியில் ஜப்ரு என்பது ஒடிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதையும் குறிக்கும். ஸ்பெயின் நாட்டில் நெடுங்காலம் எலும்பு முறிவு வைத்தியனுக்கே அல்ஜெபிரிஸ்தா என்று பெயர் வழங்கியது. கணக்கில் ஓர் எண் குறைபட்டு நிற்குமானால் அதனை ஒடிந்த எலும்பாகக் கொண்டு, குறைந்ததைச் சேர்த்து முழுமையாக்குவது ஜப்ரு. இரு பக்கமும் ஒரே வகைப் பொருள் இருக்குமானால், நேருக்கு நேர் வைத்துச் சமமாகக் கழித்துவிடுவது முகாபலா.

மளிகைக் கடையில் தராசு பிடித்தவர்களுக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. மூன்று மூட்டை சரக்கின் விலையில் 20 வெள்ளி தள்ளுபடி போக 100 வெள்ளி கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடியை இரு பக்கமும் கூட்டிவிட்டால், மூன்று மூட்டையின் விலை 120 வெள்ளி; ஒரு மூட்டை 40 வெள்ளி. இது ஜப்ரு. ஐந்து மூட்டையும் 10 வெள்ளியும் ஒரு தட்டில். மூன்று மூட்டையும் 90 வெள்ளியும் மறு தட்டில். தராசு சமமாக நிற்கிறது. இரு தட்டிலிருந்தும் மூன்று மூட்டையையும் 10 வெள்ளியையும் எடுத்துவிட்டால், இரண்டு மூட்டைக்கு 80 வெள்ளி. ஒரு மூட்டை 40 வெள்ளி. இது முகாபலா.

அன்றாட வாழ்வில் எழும் கேள்விகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டிற்குள் அடங்கிவிடும். பந்திங்கிலிருந்து சரக்கேற்ற இரண்டு லாரிக்காரர்களை விசாரிக்கிறோம். ஒருவர் அடிப்படை வாடகை 80 வெள்ளி, அதற்குமேல் கிலோமீட்டருக்கு 2 வெள்ளி என்கிறார். மற்றவர் அடிப்படை 40 வெள்ளி, கிலோமீட்டருக்கு 3 வெள்ளி என்கிறார். யாரை அமர்த்துவது? தூரத்தைப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். 80-உம் இரண்டு பொருளும் ஒரு பக்கம். 40-உம் மூன்று பொருளும் மறுபக்கம். சமமானவற்றைக் கழித்தால் பொருள் 40 என்று வருகிறது. ஆகவே 40 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரமானால் இரண்டாமவர் மலிவு. கூடிய தூரமானால் முதலாமவர் மலிவு. இதனைக் குத்துமதிப்பாகச் சொல்பவரும் உண்டு. ஆனால் குத்துமதிப்பு ஒரு நாள் நமக்குச் சாதகமாகவும் மறுநாள் பாதகமாகவும் போகும். கணக்கு என்றும் ஒரே விடையைத்தான் சொல்லும்.

வியாபார அத்தியாயத்தில் அல் குவாரிஸ்மி அவர்கள் ஒரு கூலியாளின் கணக்கை எடுத்துக்கொள்கிறார். மாதத்துக்கு 10 திர்ஹம் பேசி அமர்த்தப்பட்டவர் ஆறு நாள் மட்டும் வேலை செய்கிறார். அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு? முப்பது நாளில் ஆறு நாள் ஐந்தில் ஒரு பங்காதலால், 10 திர்ஹத்தில் ஐந்தில் ஒன்று, அதாவது 2 திர்ஹம். எவ்வளவு எளிய கணக்கு! எனினும் பேரரசின் அறிவு இல்லத்தில் அமர்ந்திருந்த ஓர் அறிஞர், ஆறு நாள் உழைத்த ஒருவரின் இரண்டு திர்ஹத்தைத் தம் நூலில் இடம் கொடுத்துக் கணக்கிட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பாகக் கணக்கு

நிற்க, நூலின் உயிர்நாடியான மூன்றாம் பகுதிக்கு வருவோம். திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் வாரிசுகளின் பங்குகளை வரையறுத்திருக்கின்றது என்பது யாவரும் அறிந்ததே. அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்னும் ஆறு பங்குகளே அங்கு நிர்ணயிக்கப்பட்டவை. பிள்ளை இருக்குமானால் மனைவிக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, கணவனுக்குக் கால். மகனும் மகளும் சேர்ந்து வாரிசாகும்போது மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். அடக்கச் செலவும் கடனும் முதலில் தீர்க்கப்படல் வேண்டும். வாரிசல்லாதவர்க்கு எழுதும் வஸிய்யத்து மூன்றில் ஒன்றை மிஞ்சலாகாது. ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளையும் சேர்ந்தவர்கள் நம் தமிழ் முஸ்லிம்களில் உள்ளனர். சில நுணுக்கங்களில் வேறுபாடு இருப்பினும் இந்த அடிப்படைகளில் இருவர்க்கும் பேதமில்லை.

சட்டம் பங்கைச் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு குடும்பத்தில் கடனும் வஸிய்யத்தும் வாரிசுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது, அப்பங்கு எத்தனை திர்ஹம் என்று கண்டுபிடிப்பது எளிதன்று. அல் குவாரிஸ்மி அவர்கள் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒருவர் காலமாகிறார். அவருக்கு இரண்டு ஆண் மக்கள். ரொக்கமாக விட்டுச் சென்றது 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான், அது வசூலாகவில்லை. தந்தையோ தம் சொத்தில் மூன்றில் ஒன்றை வெளியார் ஒருவருக்கு வஸிய்யத்து செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

கடனை ஒதுக்கிவிட்டு 10 திர்ஹத்தை மட்டும் மூவருக்கும் பிரித்தால், கடன்பட்ட மகனும் ரொக்கத்தில் பங்கு வாங்கிக்கொண்டு போவான். கடன்படாத மகனுக்கு அநீதி. கடனையும் முழுதாகச் சேர்த்து 20 திர்ஹம் என்று வைத்தால், வெளியாருக்கும் மற்ற மகனுக்கும் தலைக்கு 6⅔ திர்ஹம் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதோ 10 திர்ஹம்தான். இரண்டு வழியும் அடைபட்டுப் போகின்றன. இத்தகைய இடத்தில்தான் குடும்பங்களில் வாக்குவாதம் தொடங்குகிறது. குரல் உயர்ந்தவர் பக்கம் தீர்ப்புச் சாய்கிறது.

அறிஞர் காட்டிய வழி இது: கடன்பட்ட மகனுக்கு எவ்வளவு பங்கு சேருமோ அவ்வளவு கடன் மட்டும் கழிந்து, சொத்தில் வந்து சேர்ந்ததாகக் கொள்வோம். அது எவ்வளவு என்று இப்போது தெரியாது. ஆகவே அதற்குப் பொருள் என்று பெயரிடுவோம். அப்படியானால் மொத்தச் சொத்து 10 திர்ஹமும் ஒரு பொருளும். அதில் வெளியாருக்கு மூன்றில் ஒன்று போக, எஞ்சியதை இரு மக்களுக்கும் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் 3⅓ திர்ஹமும் பொருளில் மூன்றில் ஒன்றும் கிடைக்கும். கடன்பட்ட மகனின் இப்பங்கே நாம் பெயரிட்ட பொருள். ஆகவே இரண்டும் சமம். இரு பக்கமும் பொருளில் மூன்றில் ஒன்றைக் கழித்தால், பொருளில் மூன்றில் இரண்டு 3⅓ திர்ஹத்துக்குச் சமம். அதனோடு அதில் பாதியைச் சேர்த்து முழுமையாக்கினால் பொருள் 5 திர்ஹம்.

விடையைச் சரிபார்ப்போம். சொத்து 15 திர்ஹம். மூவருக்கும் தலைக்கு 5. ரொக்கமான 10 திர்ஹத்தில் வெளியாருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவனுக்குரிய 5 அவன் கடனில் கழிந்தது. ஒருவர் பங்கும் மற்றவரால் குறைபடவில்லை. விடை தெரியாத நிலையிலேயே அதற்கொரு பெயர் கொடுத்து, அதனையும் ஓர் எண்ணைப்போல நடத்திச் செல்லும் துணிவுதான் அல்ஜீப்ராவின் உயிர். அதை மார்க்கச் சட்டத்தின் சேவைக்கு அன்னார் அமர்த்தினார்.

இன்னொரு கணக்கு. ஒரு மாது கணவனையும் ஒரு மகனையும் மூன்று மகள்களையும் விட்டுக் காலமாகிறார். வெளியாருக்குத் தம் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். கேட்டவுடன் தலை சுற்றும் கணக்கு இது. சொத்தை 1,120 பங்காகக் கொண்டால் யாவும் முழு எண்ணாகிவிடுகின்றன: வெளியாருக்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பார்த்தால் 1,120 சரியாக நிற்கும்.

நம் வீட்டுக் கணக்கு

இதே முறையை நம்மூர் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம். பந்திங்கில் கடை வைத்திருந்த ஒருவர் காலமானார் என்றும், அடக்கச் செலவும் கடனும் போக அவருடைய சொத்து 2,40,000 வெள்ளி என்றும் கற்பனை செய்துகொள்வோம். தாயார், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் ஆகியோர் வாரிசுகள். மனைவிக்கு அரைக்கால், அதாவது 30,000. தாயாருக்கு ஆறில் ஒன்று, 40,000. எஞ்சியது 1,70,000. மகளின் பங்கைப் பொருள் என்று வைத்தால், மகன் ஒவ்வொருவருக்கும் இரண்டு பொருள். ஆக ஐந்து பொருள் 1,70,000-க்குச் சமம். மகளுக்கு 34,000, மகன் ஒவ்வொருவருக்கும் 68,000.

ஐந்து வரியில் முடிந்துவிடும் இக்கணக்கு பல குடும்பங்களில் ஐந்து வருடமாகியும் முடிவதில்லை. தாயார் இருக்கும்போது பாகம் பேசலாமா என்று ஒருவர் தயங்குவார். தங்கைக்குத்தான் கல்யாணச் செலவு செய்தோமே என்று ஒருவர் சொல்வார். அவளும் சங்கோஜப்பட்டு வாய் திறவாதிருப்பாள். நிலமும் கடையும் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். அந்த மகளின் 34,000 வெள்ளி அண்ணன்மார்களின் தயவால் வருவதன்று. அது அல்லாஹ் விதித்த பங்கு; சமன்பாட்டின் விடை. அதை அவளாகவே மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. எவ்வளவு என்றே சொல்லாமல் அவளைக் கையொப்பமிடச் செய்வது வேறு.

தாமதத்தால் நேரும் இன்னொரு கேட்டையும் கணக்கே காட்டித் தரும். மேற்சொன்ன குடும்பத்தின் பாகத்தை 120 பங்கில் முடித்துவிடலாம்: மனைவிக்கு 15, தாயாருக்கு 20, மகளுக்கு 17, மகன்களுக்குத் தலைக்கு 34. பங்கிடாமல் காலம் கடத்தும்போது ஒரு மகன் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். அவருக்குத் தம் தாயாரும் மனைவியும் மூன்று மகன்களும் ஒரு மகளும் இருக்கின்றனர். அவருடைய 34 பங்கு இவர்களுக்குள் மீண்டும் பிரிய வேண்டும். இப்போது பின்னமின்றிப் பங்கிட வேண்டுமானால் சொத்தை 10,080 பங்காக்க வேண்டும்! இதனைப் பராயிள் நூல்கள் முனாஸகாத் என்று தனி அத்தியாயமாகவே வகுத்திருக்கின்றன. இன்னும் ஒரு மரணம் நேர்ந்தால் பங்குகள் எண்ணி மாளா. தென்னந்தோப்போ செம்பனைத் தோட்டமோ, ஒரு சிறு நிலம் பல பேருக்கு உரியதாகி, ஒருவருக்கும் பயன்படாமல் புதர் மண்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று நம் நாட்டில் ஷரீஆ நீதிமன்றம் பராயிள் சான்றிதழ் வழங்குகிறது. சிறு சொத்துகளைப் பங்கிட 1955-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தில் முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கென 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விவரங்களைக் கொடுத்தால் கணினியே பங்கைச் சொல்லிவிடும். வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கணக்கு புரிந்த ஒருவராவது வீட்டில் இருந்தால்தான், வந்த விடை சரிதானா என்று கேட்க முடியும். வீட்டிலுள்ள பெண்களுக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

பிற பணிகள்

அல் குவாரிஸ்மி அவர்களின் அறிவு இந்த ஒரு நூலோடு நின்றுவிடவில்லை. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கித் தனி நூல் எழுதினார். ஒன்பது இலக்கங்களும் ஒரு சுழியும் கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம் என்ற அரிய கண்டுபிடிப்பு இந்திய மக்களுடையது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்நூல் அதை இந்தியர்களின் கணக்கு என்றே அறிமுகப்படுத்தியது. அரபு மூலம் மறைந்துவிட்டது. இலத்தீன் வடிவமே எஞ்சியுள்ளது.

இந்திய வான சாஸ்திரத்தை அடிப்படையாகக் கொண்டு, சூரியன் சந்திரன் கோள்களின் நிலையைக் கணிக்கும் அட்டவணைகளை வகுத்தார். பிற்காலத்தில் கொர்தோவா நகரத்து அறிஞர் மஸ்லமா அவற்றைத் திருத்தியமைத்தார். ஸூரத்துல் அர்ள் என்னும் பூகோள நூலில் 2,402 இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் குறித்தார். மத்தியதரைக் கடலின் நீளத்தைத் தாலமி என்னும் கிரேக்க அறிஞர் மிகைப்படுத்திச் சொல்லியிருந்தார். அதை ஏறத்தாழ 50 பாகையாகக் குறைத்து உண்மைக்கு அருகில் கொண்டு வந்தவர் அல் குவாரிஸ்மி அவர்களே. யூதர்களின் பஞ்சாங்க முறையைப் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். பிறர் அறிவை அறிவாகவே மதித்த பெருந்தன்மைக்கு இது சான்று.

அளவைப் பகுதியில் வட்டத்தின் சுற்றளவைக் காண மூன்று வழிகளைத் தருகிறார். விட்டத்தை 3⅐-ஆல் பெருக்குவது நடைமுறைக்கு எளியது. வான சாஸ்திரிகள் கையாள்வதாக அவர் குறிப்பிடும் மற்றொரு வழி, 62,832-ஐ 20,000-ஆல் வகுத்தது. இது 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் தந்த அளவேயாகும். கிணறு வெட்டுபவருக்கு ஓர் அளவு, கோள்களைக் கணிப்பவருக்கு ஓர் அளவு என்று, அவரவர் தேவையை அறிந்து கொடுத்தார்.

அல்ஜீப்ராவின் தந்தை என்று உலகம் அன்னாரைப் போற்றுகிறது. அதனால் அவருக்கு முன் யாரும் சமன்பாடு அறியார் என்று நாம் பெருமை பேச வேண்டியதில்லை. பாபிலோனியர் அறிந்திருந்தனர், கிரேக்க அறிஞர்களுள் தியோபந்தசும், இந்தியாவில் 628-இல் நூல் எழுதிய பிரம்மகுப்தரும் அறிந்திருந்தனர். நம் தமிழ் நாட்டிலும் எண்சுவடியும் கணக்கதிகாரமும் திண்ணைப் பள்ளிகளில் வழங்கி வந்தன. காலும் அரைக்காலும் மாவும் காணியும் நம் முன்னோர் நாவில் விளையாடின. அல் குவாரிஸ்மி அவர்களின் சிறப்பு, சிதறிக் கிடந்த வழிகளைத் திரட்டி, வகைப்படுத்தி, காரணம் காட்டி, யாவரும் பின்பற்றத்தக்க ஒரு தனிக் கல்வியாக ஆக்கியதில் இருக்கிறது.

மேற்கே பரவிய புகழ்

அன்னார் ஏறத்தாழ 850-இல் காலமானார். அதன் பிறகும் நூல் ஓய்ந்திருக்கவில்லை. எகிப்தில் அபூ காமில் அதனை விரிவாக்கினார். பாரசீகத்தில் உமர் கையாம் மேலும் கடினமான சமன்பாடுகளை ஆராய்ந்தார். 1145-இல் ராபர்ட் என்னும் ஆங்கில அறிஞர் ஸ்பெயினின் செகோவியா நகரில் அதை இலத்தீனில் மொழிபெயர்த்தார். தொலேதோ நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டும் மொழிபெயர்த்தார். ஐரோப்பியர் கைக்கு அல்ஜீப்ரா இவ்வாறுதான் சென்றது. ஆனால் அம்மொழிபெயர்ப்புகளில் வஸிய்யத்துப் பகுதி இடம்பெறவில்லை. இஸ்லாமிய வாரிசுச் சட்டம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை போலும்! 1831-இல் பிரெடரிக் ரோசன் என்பவர் ஆக்ஸ்போர்டிலுள்ள கையெழுத்துப் பிரதியைக் கொண்டு லண்டனில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே அப்பகுதி மேனாட்டார் பார்வைக்கு வந்தது.

அன்னாரின் பெயர் இலத்தீன் நாவில் அல்கோரித்மி என்று திரிந்தது. அதிலிருந்து அல்காரிதம் என்னும் சொல் பிறந்தது. ஒரு வேலையை எந்த வரிசையில் எப்படிச் செய்வது என்று படிப்படியாக வகுத்துரைக்கும் முறைக்கு இன்று அதுவே பெயர். நம் கையிலுள்ள தொலைபேசியிலிருந்து வங்கிக் கணினிவரை யாவும் அல்காரிதங்களால் இயங்குகின்றன. 1983-இல் அன்னாரின் 1200-ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி அன்றைய சோவியத் நாடு தபால் தலை வெளியிட்டது. சமயப்பற்றைக் கொள்கையாகக் கொள்ளாத அந்நாடும் இந்த அறிஞரின் பெருமையை மறுக்க இயலவில்லை.

நம் கடமை

பெரியோரின் சரித்திரத்தைப் படித்துப் பெருமூச்சு விட்டு மூடிவைப்பதால் பயனில்லை. அல் குவாரிஸ்மி அவர்களின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, பிள்ளைகளின் கல்வி. அல்ஜீப்ரா கடினம் என்று அழும் பிள்ளைக்குக் கடைக் கணக்கையும் லாரி வாடகையையும் பாகக் கணக்கையும் காட்டிச் சொல்லிக் கொடுப்போம். எக்ஸ் என்பது ஒரு மூட்டையின் விலை, ஒரு மகளின் பங்கு என்று புரிந்துவிட்டால் அச்சம் தானே அகலும். மார்க்கக் கல்வி கற்பிக்கும் மதறஸாக்களிலும் பராயிள் பாடத்தோடு இந்த எளிய சமன்பாட்டு முறையைச் சேர்த்துச் சொல்லலாம். பள்ளிக்கூடக் கல்வி வேறு, மார்க்கக் கல்வி வேறு என்ற எண்ணம் அன்னாரின் நூலைப் புரட்டிய எவருக்கும் இராது.

இரண்டாவது, குடும்பங்களின் பாகம். உயிரோடிருக்கும்போதே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்போம். கடனைக் குறித்து வைப்போம். இறப்பு நேர்ந்தால், துக்கம் தணிந்த பின் காலம் கடத்தாமல் வாரிசுகள் யாவரையும், பெண்கள் உட்பட, ஒன்றாக அமரச் செய்து, ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் காட்டுவோம். விட்டுக்கொடுக்க நினைப்பவர் அதைத் தெரிந்துகொண்டே விட்டுக்கொடுக்கட்டும்.

பகுதாது நகரத்தின் அறிவு இல்லம் 1258-இல் மங்கோலியர் படையெடுப்பில் அழிந்தது. அங்கிருந்த நூல்களில் பல திரும்பி வரவில்லை. ஆனால் ஐந்து திர்ஹத்தைச் சரியாகப் பங்கிட்டுக் காட்டிய அந்தக் கணக்கு அழியவில்லை. ஒவ்வொருவர் உரிமையையும் பிழையின்றி அளந்து கொடுக்கும் அறிவையும், அதன்படி நடக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.